மாதத்தில் ஒரு ஞாயிறை எழுதி வாங்குங்கள்

கேள்வி: அக்கா, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஐந்து வருடமாக நெட்வொர்க் அட்மின் வேலை. நான் ஒருவன்தான். 140 கம்ப்யூட்டர், ஒரே சர்வர், விண்டோஸ் சர்வர் 2019. லாகின், ஐ.பி. கொடுப்பது, ஷேர் ஃபோல்டர், பிரிண்டர், டேலி எல்லாம் அதில்தான். போன மாதம் ஷிப்மென்ட் அவசரத்தில் இரண்டு முறை தானாக ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. எழுந்த பிறகும் ரிமோட்டில் உள்ளே போக முடியவில்லை, நெட்வொர்க்கை 'பப்ளிக்' என்று காட்டுகிறது. காலையில் லாகின் ஆகவே நாலு நிமிடம் ஆகிறது. சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரை அழித்துவிடலாமா? புது கம்ப்யூட்டரில் பிரிண்டர் போட்டால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. ஈவென்ட் வியூவரைத் திறக்கவே பயமாக இருக்கிறது. 'லினக்ஸ் போட்டால் இதெல்லாம் வராது' என்கிறான் முதலாளியின் அண்ணன் மகன். 'எப்பப் பார்த்தாலும் சர்வர் ரூம்லயே இருக்கியே, அப்புறம் எப்படி நிக்குது?' என்கிறார் முதலாளி. வேலையை விட்டுவிடலாமா என்றிருக்கிறது. படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
– திருப்பூர் வாசகர்

தம்பி, வேலையை விடுவதைப் பிறகு பேசுவோம். முதலில் உங்கள் படங்கள்.

'இரண்டு முறை தானாக ரீஸ்டார்ட் ஆனது' என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டீர்கள். இரண்டும் ஒரே கதை இல்லை. சர்வர் தனக்கு நடப்பதை எழுதி வைக்கும் சிஸ்டம் லாகில் முதல் சம்பவம் வியாழன் மாலை 6.50. அதற்குப் பக்கத்தில் 1074 என்ற எண் இருக்கிறது. யாரோ முறைப்படி நிற்கச் சொன்னார்கள், சர்வரும் முறைப்படி நின்றது என்று அதற்குப் பொருள். சொன்னது யார் என்பதும் அதே பதிவில் இருக்கிறது: ட்ரஸ்டட்இன்ஸ்டாலர். அப்டேட்டின் வேலை. இரண்டாவது சம்பவத்துக்கு, அந்த மதியம் 2.10-க்கு, 1074 இல்லவே இல்லை. 41-ம் 6008-ம்தான் இருக்கின்றன. சொல்லாமல் கொள்ளாமல் விழுந்து, எழுந்த பிறகு 'நான் சரியாக நிற்கவில்லை' என்று எழுதி வைத்திருக்கிறது. 41-க்குள் பக்செக் கோட் 0 என்று இருப்பதால் நீலத்திரை வந்த மாதிரியும் தெரியவில்லை. அந்த நேரத்தில் கரண்ட் போனதா என்று கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ஜெனரேட்டர் எடுக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நொடியைக்கூட யு.பி.எஸ். பேட்டரி தாங்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தப் பழியை விண்டோஸ் மேல் போடாதீர்கள். அதன் மேல் போட வேறு பழிகள் இருக்கின்றன.

உதாரணத்துக்கு, அந்த வியாழக்கிழமை. 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று ஒரு செட்டிங் உண்டு. இந்த நேரத்துக்குள் ரீஸ்டார்ட் ஆகாதே என்று சர்வரிடம் சொல்வது அது. நாம் தொடாமல் விட்டால் காலை 8 முதல் மாலை 5 வரை. அதை வைத்தவருக்கு ஐந்து மணிக்கு ஆபீஸ் முடிந்துவிடும் போல. உங்கள் ஊரில் ஐந்து மணிக்குத்தான் மெர்ச்சண்டைசர் பேக்கிங் லிஸ்ட்டையே திறக்கிறார். கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், ஊர் அடங்கிவிட்டது என்று நினைத்து சர்வர் தூங்கப் போயிருக்கிறது. அந்த நேரத்தை நீட்டலாம், 18 மணி நேரத்துக்கு மேல் நீட்ட முடியாது. அதோடு விளையாட வேண்டாம். குரூப் பாலிசியில் (மெஷின்களுக்கு விதி போடும் இடம்) 'டவுன்லோடு செய்து வை, இன்ஸ்டால் செய்ய என்னைக் கேள்' என்ற மூன்றாவது வாய்ப்பைப் போட்டுவிடுங்கள். சர்வரில் தானியங்கி ரீஸ்டார்ட் கூடாது என்பது என் பிடிவாதம்.

அப்படியானால் நீங்களாகச் செய்ய ஒரு நாள் வேண்டும். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்கு உறுத்தியது இதுதான். இத்தனை தொல்லைகளை எழுதியிருக்கிறீர்கள், 'இந்த நேரத்தில் சர்வரை நிறுத்தலாம்' என்று உங்கள் கம்பெனியில் யாரும் எப்போதாவது சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை ஷிப்மென்ட், சனிக்கிழமை வாரச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் மட்டும் வந்து ஏதோ பார்ப்பார். நிறுத்தவே நேரம் கொடுக்காத இயந்திரம் தானாக ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. உங்கள் நிட்டிங் மெஷினை ஆயில் விடாமல் வருடம் முழுக்க ஓட்டச் சொன்னால் முதலாளியே விடமாட்டார். சர்வர் சத்தம் போடாமல் மூலையில் இருப்பதால் அதற்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தும்போது என்ன செய்கிறது? எந்தெந்தப் பகுதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று முன்னாடியே பேப்பரில் போட்டுவிடுகிறது. காலையில் கிரைண்டரை ஓட்டி, டேங்கில் தண்ணீர் ஏற்றிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கிறோம். அதே கரண்ட் சொல்லாமல் பத்து நிமிடம் போனால் தெருவே கத்துகிறது. நீங்களும் அப்படி ஓர் அறிவிப்பு எழுதுங்கள். 'வரும் ஞாயிறு காலை 9 முதல் 1 வரை சர்வர் பராமரிப்பு. டேலி, ஷேர் ஃபோல்டர், பிரிண்டர் இயங்காது.' முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒட்டுங்கள். மெயில் போதாது, உங்கள் கட்டிங் செக்‌ஷனில் யாரும் மெயில் பார்க்கமாட்டார்கள்.

எந்த ஞாயிறு? மைக்ரோசாஃப்ட் பேட்ச் (பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்) விடுவது ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய், நம் நேரத்துக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் ஒரு ஞாயிறு வரும். அந்த ஞாயிறுதான் நான் பிடிப்பது. காரணம் அனுபவம். 2022 ஜனவரி 11-ல் வந்த பேட்ச்சைப் போட்டவர்களின் டொமைன் கன்ட்ரோலர்கள், அதாவது எல்லோரின் லாகினையும் சரிபார்க்கும் சர்வர்கள், எழுந்து எழுந்து விழுந்தன, சில ஹைப்பர்-வி மெஷின்கள் (ஒரே கம்ப்யூட்டருக்குள் ஓடும் விர்ச்சுவல் சர்வர்கள்) எழவே இல்லை. திருத்தம் 17-ம் தேதி வந்தது. 2024 மார்ச் 12-ல் வந்த பேட்ச், டொமைன் கன்ட்ரோலரில் எல்சாஸ் என்ற லாகின் சர்வீஸை மெமரி தின்ன வைத்துக் கடைசியில் மயக்கம் போட வைத்தது. திருத்தம் 22-ம் தேதி, சர்வர் 2019-க்கு மட்டும் 25-ம் தேதி. இரண்டு முறையும் அதற்குள் செய்தி பரவிவிட்டதால் பன்னிரண்டாம் நாள்காரர்கள் தப்பினோம்.

அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் வந்தது 2017 மே 12. அது நுழைந்த ஓட்டைக்கான பேட்ச் மார்ச் 14-லேயே வந்துவிட்டது. 59 நாள் இருந்தும் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். இன்னொன்று, இந்த ஓட்டை வழியாக ஏற்கெனவே ஆட்கள் நுழைந்துகொண்டிருக்கிறார்கள் என்ற செய்தியோடு பேட்ச் வந்தால் என் பன்னிரண்டு நாள் கணக்கு செல்லாது. அன்று இரவே போட வேண்டும்.

அடுத்து அந்த நாலு நிமிட லாகின். நீங்கள் அதைக் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, விதி என்று ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். மூன்றாவது படத்தில் காரணம் இருக்கிறது. கம்ப்யூட்டர்களுக்கு ஐ.பி. கொடுக்கும் டி.எச்.சி.பி.யில் டி.என்.எஸ். (பெயரைச் சொன்னால் அதன் ஐ.பி.யைச் சொல்பவர்) என்று இரண்டு முகவரி கொடுத்திருக்கிறீர்கள், முதலாவது உங்கள் சர்வர், இரண்டாவது கூகுளின் 8.8.8.8. 'சர்வர் போனாலும் இன்டர்நெட் இருக்கட்டும்' என்று நினைத்துப் போட்டிருப்பீர்கள். எல்லோரும் போடுவதுதான், நானும் போட்டிருக்கிறேன்.

இரண்டாவது முகவரி நாம் நினைக்கிற மாதிரி ஆபத்துக்கு மட்டும் உதவுகிற ஸ்டெப்னி இல்லை. முதலாமவர் ஒரு தடவை பதில் சொல்லத் தாமதித்தால் போதும், கம்ப்யூட்டர் இரண்டாமவரிடம் போய்விடும். போன பிறகு, முதலாமவர் சரியாகிவிட்டாரா என்று உடனே திரும்பிப் பார்க்காது, கொஞ்ச நேரம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். காலையில் 140 பேரும் ஒரே நேரத்தில் ஆன் செய்யும்போது உங்கள் ஒற்றைச் சர்வர் திணறத்தான் செய்யும். அப்போது சில மெஷின்கள் 8.8.8.8-இடம் போய் 'எங்கள் டொமைன் கன்ட்ரோலர் எங்கே?' என்று கேட்கின்றன. நம் தெருப் பால்காரர் வீடு எது என்று டில்லியில் போய்க் கேட்ட கதை. கூகுளுக்கு உங்கள் கம்பெனியின் உள்பெயர்கள் எதுவுமே தெரியாது. 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று பதில் வருகிறது. கம்ப்யூட்டர் குழம்பி, காத்திருந்து, பழைய நினைவில் இருக்கும் பாஸ்வேர்டை வைத்து உள்ளே விடுகிறது. குரூப் பாலிசி வராது, ஷேர் டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி. பத்து நிமிடம் கழித்துத் தானாகச் சரியாகும். தானாகச் சரியானதால் நீங்களும் விட்டுவிட்டீர்கள்.

டி.எச்.சி.பி.யிலிருந்து 8.8.8.8-ஐ எடுங்கள். சர்வரின் சொந்த நெட்வொர்க் கார்டில் இருந்தாலும் எடுங்கள். டி.என்.எஸ். மேனேஜரைத் திறந்து 'ஃபார்வர்டர்ஸ்' பகுதியில் அதைப் போடுங்கள். அதன் இடம் அங்கேதான். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் உங்கள் சர்வரிடம் மட்டும் கேட்பார்கள், தெரியாததை அது வெளியே கேட்டுச் சொல்லும். கால் மணி நேர வேலை. சத்தமில்லாமல் இருக்கும் டி.என்.எஸ்.ஸை யாரும் சந்தேகிப்பதில்லை, ஆனால் என் கணக்கில் ஆக்டிவ் டைரக்டரி (டொமைனின் லாகின் பட்டியல்) புகார்களில் பாதிக்கு மேல் அங்கேதான் போய் முடிகின்றன.

நெட்வொர்க் 'பப்ளிக்' ஆவதும் இதன் ஒன்றுவிட்ட தம்பிதான். சர்வர் எழும்போது 'நான் எந்த நெட்வொர்க்கில் இருக்கிறேன்' என்று கண்டுபிடிக்கும் சர்வீஸ் சீக்கிரம் எழுந்துவிடுகிறது. டொமைன் கன்ட்ரோலர் இருக்கிறதா என்று தேடுகிறது. அந்த டொமைன் கன்ட்ரோலர் அதே மெஷின்தான், அதன் டி.என்.எஸ். இன்னும் கண் விழிக்கவில்லை. கிடைக்காததால் 'இது ஏதோ பஸ் ஸ்டாண்டு வைஃபை' என்று முடிவுகட்டி, பப்ளிக் ஃபயர்வாலைப் போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறது. தன் வீட்டு வாசலிலேயே தன்னைத் தெரியாத ஆள். இது நீங்கள் செய்த தப்பு இல்லை, வடிவமைப்பின் கோளாறு. சர்வர் 2025-லும் இதே தொல்லை வேறு உருவில் வந்து, 2025 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது. நெட்வொர்க் அடாப்டரை ஒருமுறை டிசேபிள் செய்து எனேபிள் செய்யுங்கள் என்பதுதான் அவர்கள் அப்போது சொன்ன வழி. நீங்களும் அதையே செய்யலாம், ஆனால் ரிமோட்டில் முடியாது, நேரில் போய் உட்கார்ந்துதான். சர்வர் ரூமிலேயே ஏன் இருக்கிறாய் என்று கேட்கும் முதலாளிக்கு இதையும் சொல்லுங்கள்.

நிரந்தரத் தீர்வு இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர். ஒன்று எழும்போது மற்றொன்று விழித்திருந்து அடையாளம் சொல்லும். பேட்ச் போடும்போதும் லாகின் நிற்காது. இதற்குப் புது உரிமம் வாங்க வேண்டும் என்று முதலாளி பயப்படுவார். உங்களுடையது ஸ்டாண்டர்டு எடிஷன். மெஷினின் கோர்கள் முழுவதற்கும் உரிமம் இருந்து, அடியில் ஹைப்பர்-வி மட்டும் ஓடினால், அதே உரிமத்தில் இரண்டு விர்ச்சுவல் சர்வர் வைத்துக்கொள்ளலாம். பலருக்கு இது தெரியாமல் பாதி உரிமம் வீணாகக் கிடக்கிறது. ஹார்டுவேர் செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும் என்பது உண்மை, இருந்தாலும் இப்போது இருப்பதைவிட எவ்வளவோ மேல். மாற்றியமைப்பது ஒரு ஞாயிறில் முடியாது. தீபாவளிக்கு உங்கள் ஊரே காலியாகுமே, அந்த லீவைக் கேளுங்கள். அதற்கு முன் பேக்கப்பை ஒருமுறை வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து பார்த்திருக்க வேண்டும். பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடிகாரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். 2008-ல் ஒரு ஸ்பின்னிங் மில்லின் இ.டி.பி. (கம்ப்யூட்டர்) டிபார்ட்மென்டில் இருந்தேன். ஒரு நாள் காலை ஷிஃப்டில் யாராலும் ஷேர் ஃபோல்டரைத் திறக்க முடியவில்லை. பாஸ்வேர்டு, கேபிள், ஸ்விட்ச் என்று மூன்று மணி நேரம் தேடினேன். கடைசியில் டைம் ஆபீஸ் பெரியவர் வந்து, 'ஏம்மா, பஞ்ச்சிங் எல்லாம் நேத்து தேதியில விழுதே, சம்பளத்துக்கு யார் பதில் சொல்றது?' என்று சண்டை போட்ட பிறகுதான் சர்வரின் கடிகாரத்தைப் பார்த்தேன். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, முந்தின இரவு கரண்ட் போனபோது தேதி பின்னால் போயிருக்கிறது. சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் உள்ளே விடாது. முப்பது ரூபாய் பேட்டரிக்கு ஒரு மில் நின்றது. உங்கள் டொமைன் கன்ட்ரோலரை வெளி நேர சர்வர் ஒன்றோடு இணைத்துவிடுங்கள். 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவே, என்.ஐ.சி. அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இணையச் சொல்கிறது. லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சைபர் சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதில்தான். கம்பெனிகளுக்கும் பொருந்தும். முதலாளியிடம் ஞாயிறு கேட்கப் போகும்போது இதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அரசாங்க உத்தரவு என்றால் காது கொஞ்சம் திறக்கும்.

மற்றவை சீக்கிரம். விண்டோஸ் தன் பாகங்களை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ்-ஐக் கையால் அழிக்காதீர்கள், சர்வர் திரும்ப எழாது. அதில் இருக்கும் பல ஃபைல்கள் வேறு இடத்தில் இருப்பவற்றுக்கே இன்னொரு பெயர்தான், எக்ஸ்ப்ளோரர் இரண்டு முறை எண்ணிக் காட்டுகிறது. டிஸ்ம் என்ற விண்டோஸ் கட்டளையில் காம்போனென்ட் ஸ்டோரை, அதாவது இந்த ஃபோல்டரை, ஆராயவும் சுத்தம் செய்யவும் தனித்தனி வழி உண்டு, அவை போதும். 'ரீசெட்பேஸ்' மட்டும் வேண்டாம், அதைப் போட்டால் ஏற்கெனவே போட்ட அப்டேட்டைப் பிறகு நீக்க முடியாது. ஆனால் உங்கள் சி டிரைவைத் தின்றது வின்எஸ்எக்ஸ்எஸ்-ஆக இருக்காது. ஐ.ஐ.எஸ். (விண்டோஸின் வெப் சர்வர்) லாக் ஃபோல்டரைப் பாருங்கள். அது பழைய லாகைத் தானாக அழிப்பதே இல்லை, ஐந்து வருடம் சேர்ந்திருக்கும். 180 நாள் லாகை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு மீதியை அழியுங்கள்.

பிரிண்டருக்கு அட்மின் பாஸ்வேர்டு கேட்பது கோளாறு இல்லை. 2021-ல் பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளிப்பட்ட பிறகு, அந்த ஆகஸ்ட் பேட்ச்சிலிருந்து டிரைவர் போட அட்மின் உரிமை வேண்டும் என்று மாற்றினார்கள். ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றினால் போய்விடும் என்று யூடியூபில் சொல்வார்கள், செய்யாதீர்கள், அடைத்த ஓட்டையை நீங்களே திறப்பது அது. புது கம்ப்யூட்டரை டேபிளுக்கு அனுப்பும் முன்பே டிரைவரைப் போட்டு, பிரிண்டரின் ஐ.பி.க்கு நேராக இணைத்து அனுப்புங்கள். எல்லாம் மாறிய பிறகு டொமைன் கன்ட்ரோலரில் பிரிண்ட் வேலையைப் பார்க்கும் ஸ்பூலர் சர்வீஸையே நிறுத்திவிடலாம்.

ஈவென்ட் வியூவரில் உங்களைப் பயமுறுத்துவது பெரும்பாலும் 10016 என்ற டிஸ்ட்ரிபியூட்டட்காம் பதிவு. அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே எழுதியிருக்கிறது. கண்டுகொள்ள வேண்டாததை எதற்குப் பதிவு செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள், இருபது வருடமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஃபில்டர் போட்டு மறைத்துவிட்டு 41, 1074, 6008 மூன்றையும் மட்டும் தனியாகச் சேமித்து வையுங்கள்.

லினக்ஸ் நல்ல ஆள்தான். 2012 டிசம்பரில் வந்த சாம்பா 4 என்ற மென்பொருள் முதல் அது டொமைன் கன்ட்ரோலர் வேலையும் பார்க்கிறது. ஆனால் கெர்னல் மாறினால் அதையும் பொதுவாக ரீஸ்டார்ட் செய்யத்தான் வேண்டும், அதிலும் டி.என்.எஸ். தப்பாக இருந்தால் லாகின் தாமதமாகத்தான் செய்யும். 2029 வரை இருக்கும் என்று நம்பி சென்ட்ஓ.எஸ். 8 என்ற லினக்ஸுக்குப் போனவர்களுக்கு 2020 டிசம்பரில் வந்த அறிவிப்பு, '2021-ஓடு முடிகிறது' என்பது. உங்கள் சர்வர் 2019-க்கு 2029 ஜனவரி 9 வரை பாதுகாப்புப் பேட்ச் உண்டு. அண்ணன் மகனுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் ஒரு பழைய மெஷினைக் கொடுத்து நெட்வொர்க் கண்காணிப்பை லினக்ஸில் அமைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் ஒரு துணை ஆள் கிடைத்த மாதிரி.

வேலையை விடுவது பற்றி. அந்த ஞாயிறுக்குக் கையெழுத்து கேளுங்கள். மாதம் நாலு மணி நேரம்கூடத் தரமாட்டேன், ஆனால் நிற்கவும் கூடாது என்று பதில் வந்தால், அந்தக் கம்பெனியில் யார் இருந்தாலும் உங்கள் நிலைதான். அப்போது வெளியே பாருங்கள், தப்பே இல்லை. தருகிறேன் என்றால் மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். நீங்களாக ரீஸ்டார்ட் செய்யும்போது 'ஏன்' என்று ஒரு பெட்டி கேட்குமே, அதில் எல்லா முறையும் ஒரே ஒரு புள்ளி வைத்திருக்கிறீர்கள். நாலாவது படத்தில் வரிசையாக ஒன்பது புள்ளிகள். இனிமேல் நாலு வார்த்தை எழுதுங்கள், முதலாளி கேட்கும்போது காட்ட அதுதான் இருக்கும். ஞாயிறு வரை காத்திருக்காமல் நாளைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. யு.பி.எஸ். ஆளைக் கூப்பிட்டு, லோடு வைத்து பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.